ஊசி போட்ட பிறகு அம்மா எழும்புகிறாவே இல்லை: தைரொயிட்டா, வேறு ஏதுமா?

கேள்வி, 11.02.2024

ஐயா, முல்லைத்தீவுப் பக்கம் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 57 வயது, சிறுநீரகத்தில் புற்று. சென்னையில் வைத்து இம்யூனோதெரபி, இரண்டு ஊசி சேர்த்து, மூன்று கிழமைக்கு ஒருக்கால் என்று நாலு தரம் போட்டார்கள். தை மாதம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்த நாளில் இருந்து படுக்கைதான். சாப்பாட்டில் மனம் இல்லை, அடிக்கடி தலையிடி, எழும்பினால் தலைசுற்று. புற்று மூளைக்கு ஏறிவிட்டது என்று மாமா சொல்கிறார். இங்கே ஒரு நேர்ஸ் தைரொயிட்டைச் சோதித்துப் பாருங்கள் என்றா. எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் கழலை இல்லை. சிறுநீரகத்துக்குப் போட்ட ஊசிக்கும் கழுத்துக்கும் என்ன தொடுப்பு? யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

11.02.2024, இரவு

எனக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன், வைத்தியன் என்ற நினைப்பில் இல்லை. வட்டக்கச்சியில் இருக்கிறேன், 64 வயது, குளத்து வேலையில் 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நுரையீரலில் புற்று. கட்டியில் கிள்ளி எடுத்த சதையில் பி.டி-எல்1 என்ற புரதம் 50 வீதத்துக்கு மேல் இருந்தபடியால் கீமோ இல்லாமல் பெம்ப்ரொலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி மட்டும் போடலாம் என்றார்கள். 2022 ஆவணியில் தொடங்கி 2023 மாசி வரை, மூன்று கிழமைக்கு 200 மில்லிகிராம், மொத்தம் 9 ஊசி. பத்தாவதுக்குக் காசு இல்லை. அந்தக் கதை பிறகு.

தைரொயிட் பழுதானதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் பதில். 2022 மார்கழி, மாண்டஸ் புயல் நேரம். வன்னியில் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்த கிழமை உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் கிழமை நான் இரண்டு போர்வைக்குள் கிடந்தேன். ஊரே குளிருகிறது என்று சொல்லும்போது என் குளிரை யார் தனியாகக் கணக்கெடுப்பது? மலம் இறுகியது, குரல் தவளை மாதிரி ஆனது, முகம் ஊதியது. கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: "புற்று வருத்தக்காரன்தானே."

தை பிறந்து வெயில் ஏறியது. பொங்கல் பானைக்கு முன்னால் எல்லாரும் வேர்த்துக்கொண்டு நிற்க, நான் ஸ்வெற்றரோடு நின்றேன். "இஞ்சாருங்கோ, இது பனிக்குளிர் இல்லை" என்றா மனிசி. இரத்தம் கொடுத்தோம். ரீ.எஸ்.எச் 68. நாலுக்குள் இருக்க வேண்டிய எண் அது, தைரொயிட் சுரப்புக் குறைந்தால் ஏறும்.

ஆகவே பிள்ளை, நாளைக்கே ரீ.எஸ்.எச் பாருங்கள். மாமாவின் மூளைக் கதையை அதுவரை ஒதுக்கி வையுங்கள்.

12.02.2024, காலை

ஊசிக்கும் கழுத்துக்கும் என்ன தொடுப்பு என்ற கேள்விக்கு நேற்றுப் பதில் எழுதவில்லை. நித்திரை வந்துவிட்டது.

இந்த மருந்துகளின் வகைப் பெயரிலேயே "செக்பொயின்ற்" இருக்கிறது. வன்னி ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்ற சனம் நாங்கள். உடம்பின் காவல் அணுக்கள் ஒவ்வொரு கலத்தையும் மறித்துப் பார்க்கும். சொந்தக் கலம் பாஸ் காட்டும், போகவிடும். புற்றுக் கலம் அதே பாஸைக் காட்டிக் கடந்து போகிறது. அந்தப் பாஸ்தான் பி.டி-எல்1. அதை வாங்கிப் பார்க்கும் கை பி.டி-1. பெம்ப்ரொலிசுமாப், நிவொலுமாப் இரண்டும் அந்தக் கையைக் கட்டிவிடுகின்றன. இனி ஒருவருடைய பாஸும் செல்லாது. கள்ளன் பிடிபடுவான். சந்தைக்குச் சைக்கிளில் போன அப்பாவியும் பிடிபடுவான். அந்த அப்பாவிதான் தைரொயிட். தோல், குடல், ஈரல், நுரையீரல் எதுவும் அகப்படலாம் என்றாலும் தைரொயிட் அடிக்கடி அகப்படும். பி.டி-1 ஊசி தனியாகப் போடுகிற 100 பேரில் ஏறக்குறைய 6 முதல் 10 பேருக்குச் சுரப்பு குறைகிறது. இரண்டு ஊசி சேர்த்தால் அதைவிடக் கூட.

பரம்பரை இதற்குத் தேவை இல்லை. என் பரம்பரையிலும் கழலை இல்லை, கடன் மட்டும்தான்.

இந்த வழியைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது.

12.02.2024, மாலை

கதையை நடுவில் இருந்து தொடங்கிவிட்டேன். மார்கழிக் குளிருக்கு முன்னால் ஒரு ஐப்பசி இருந்தது.

இரண்டாவது ஊசி முடிந்து ஆறாவது கிழமை மட்டில் நெஞ்சு குதிரை மாதிரி ஓடத் தொடங்கியது. கை நடுக்கம், இரவில் வேர்வை, நித்திரை இல்லை, நாலு கிலோ இறங்கியது. ஆனால் உற்சாகம் என்றால் உற்சாகம். வேலி அடைத்தேன், கிணறு இறைத்தேன், அதிகாலை மூன்று மணிக்கு வளவு கூட்டினேன். மருந்து பிடித்துவிட்டது, ஆள் எழும்பிவிட்டார் என்று வீட்டில் ஒரே சந்தோசம். கொழும்புக்குப் போய்க் காட்டுவோம் என்றால் பெற்றோல் கியூஆர் கோட்டில் அளந்து கொடுத்த காலம். பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். ரீ.எஸ்.எச் 0.02, தைரொயிட் சுரக்கிற தைரொக்சின் என்ற ஹோர்மோன் கூடுதல். "தைரொயிட் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது" என்று, சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் குளிசை எழுதினார்கள். ஊசியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நெஞ்சு நோவுக்குப் போகிறவன் புற்று ஊசியை ஏன் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

அது ஏன் பிழை என்பதைக் குளத்து ஆள் பாஷையில் சொல்கிறேன். வயலில் வெள்ளம் நிற்க இரண்டு காரணம் இருக்கலாம். மேலே இருந்து வரத்துக் கூடி வான் பாய்கிறது, அது ஒன்று. குளக்கட்டு உடைந்து, சேர்த்து வைத்த தண்ணீர் முழுக்க வெளியே ஓடுகிறது, அது மற்றது. வயலில் நிற்கிறவனுக்கு இரண்டும் முழங்கால் தண்ணீர்தான். கார்பிமசோல் வரத்து ஆற்றை மறிக்கிற வேலை. எனக்கு நடந்தது கட்டு உடைப்பு. காவல் அணுக்கள் சுரப்பியை உடைக்க, அது மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த ஹோர்மோன் இரத்தத்தில் கொட்டுண்டது. ஏற்கனவே ஓடிவிட்ட தண்ணீருக்கு ஆற்றை மறித்து என்ன பயன்? அந்த நேரத்துக்கு வேண்டியது நெஞ்சுப் படபடப்பை அடக்க புரொப்ரனொலோல் மாதிரி ஒன்று, பொறுமை, சில கிழமைக்கு ஒருக்கால் இரத்தம்.

கட்டு உடைந்த குளத்தில் அடுத்து என்ன? வெள்ளம் வடிகிறது, பிறகு அந்தப் போகத்துக்குத் தண்ணீர் இல்லை. அந்த வறட்சிதான் என் மார்கழி. பலருக்கு இப்படித்தான் முதலில் கூடி, பிறகு குறைகிறது. கூடுகிற கட்டம் தெரியாமலே கடந்துபோகிறவர்களும் உண்டு.

13.02.2024

ஒரு தம்பி கேட்கிறார், ஆனையிறவு உப்புக் கூடச் சாப்பிட்டால் கழுத்து சரிவராதா என்று. தம்பி, இலங்கையில் 1995 இல் இருந்தே சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எனக்குக் குறைந்தது அயடீன் இல்லை, சுரப்பி. அடுப்பு உடைந்த வீட்டுக்கு விறகு ஏற்றி அனுப்பாதீர்கள்.

19.02.2024

முல்லைத்தீவுப் பிள்ளையின் அம்மாவுக்கு முடிவு வந்திருக்கிறது. ரீ.எஸ்.எச் 0.9. சரியான அளவு. அப்பாடா, தைரொயிட் இல்லை. சென்னைக்கும் இங்கேயுமாக அலைந்த களைப்பும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும். கொஞ்ச நாள் நல்ல சாப்பாடு கொடுத்துப் பாருங்கள்.

20.02.2024, அதிகாலை 4 மணி

நேற்று எழுதியதை நம்பவேண்டாம். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழித்தால் யாரும் ஏற்கனவே வாசித்திருந்தால் அது அப்படியே மனதில் நின்றுவிடும். அது கிடக்கட்டும், இதை வாசியுங்கள்.

இரவு தண்ணீர் குடிக்க எழும்பியபோது கேள்வியைத் திரும்பப் பார்த்தேன். "இரண்டு ஊசி சேர்த்து." "அடிக்கடி தலையிடி." "எழும்பினால் தலைசுற்று." மூன்றும் முதல் நாளே எழுதியிருந்தது. நான் என் கதையைச் சொல்லும் ஆவலில் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சிறுநீரகப் புற்றுக்கு இரண்டு சேர்த்துப் போடுவதென்றால் வழக்கமாக நிவொலுமாபும் இப்பிலிமுமாபும். இப்பிலிமுமாப் இன்னொரு சாவடியைத் திறக்கும், அதன் பெயர் சி.ரி.எல்.ஏ-4. அது மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பியை வீங்க வைக்கக்கூடியது. எனக்கு ஊசி போட்ட டொக்டர் முதல் நாள் தந்த தாளில் இது ஒரு வரியாக இருந்தது. எனக்கு இப்பிலிமுமாப் இல்லை என்பதால் அந்த வரியை நான் மனதில் வைக்கவில்லை.

ரீ.எஸ்.எச் என்பது தைரொயிட் சுரப்பது இல்லை, கபச்சுரப்பி தைரொயிட்டுக்குப் போடுகிற கடிதம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கந்தோரில் இருந்து "துருசைத் திற, திற" என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். எனக்கு 68 வந்தது அப்படித்தான். ஆனால் கந்தோரே எரிந்து போனால்? வயல் காய்ந்தாலும் கடிதம் வராது. அல்லது பழைய ஆள் ஒருவர் இருந்து ஒன்றிரண்டு அனுப்புவார், அதைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு மாதிரி இருக்கும். 0.9 என்பது அப்படி ஒரு கடிதமாக இருக்கலாம். கடிதத்தை விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்க்க வேண்டும், அதாவது இரத்தத்தில் ஓடுகிற தைரொக்சினை அளக்கிற எஃப்.ரீ4 சோதனை.

இதைவிடப் பெரிய விசயம். அதே கந்தோர்தான் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோனுக்கும் கடிதம் போடுகிறது. கோர்ட்டிசோல் இல்லாவிட்டால் பிரஷர் விழும், சோடியம் இறங்கும், சத்தி வரும், ஆள் மயங்கும். அந்த நிலையில் யாராவது தைரொக்சின் குளிசையை மட்டும் கொடுத்துவிட்டால் இருக்கிற கொஞ்சக் கோர்ட்டிசோலையும் உடம்பு விரைவாகக் கரைத்துவிடும். உயிருக்கு ஆபத்து. ஆகவே முதலில் கோர்ட்டிசோல், பிறகுதான் தைரொயிட்.

பிள்ளை, இன்று காலை எட்டு மணி மட்டில் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்: கோர்ட்டிசோல், எஃப்.ரீ4, சோடியம். சத்தியோ மயக்கமோ இருந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. "இம்யூனோதெரபி, இப்பிலிமுமாப்" என்று ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். நான் ஐப்பசியில் வாயைத் திறக்காமல் இருந்த மாதிரி இருக்கவேண்டாம்.

20.02.2024, மதியம்

பதில் இல்லை. மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

24.02.2024

பிள்ளை எழுதியிருக்கிறா. எஃப்.ரீ4 குறைவு, கோர்ட்டிசோல் அடிமட்டம், சோடியமும் இறங்கியிருந்தது. வார்ட்டில் மறித்து, கோர்ட்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகோர்ட்டிசோன் மருந்தை நாளத்தில் ஏற்றினார்களாம். இரண்டாம் நாள் அம்மா எழும்பி இருந்து, புட்டுக்குச் சம்பல் இல்லையா என்று கேட்டாவாம். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ ஸ்கானில் கபச்சுரப்பி வீங்கியிருக்கிறது, புற்று மூளையில் இல்லை. மாமாவுக்கும் அந்த அறிக்கையைக் காட்டியாயிற்றாம். அவர் "நான் சொன்ன இடத்துக்குக் கிட்டத்தானே வந்திருக்கிறது" என்றாராம். அவருடைய வாயை எந்த ஊசியாலும் கட்ட முடியாது.

தைரொக்சினை ஐந்து நாள் கழித்து, சின்ன அளவில் தொடங்குவார்களாம்.

என் 19 ஆம் திகதிக் குறிப்பு இன்னும் மேலே கிடக்கிறது. வாசிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

03.03.2024

இன்னொரு திருத்தம். இது யாரும் கேட்காதது.

முதல் நாள் "கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதினேன். வாசித்தவர்கள் கொழும்பில் கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் எடுக்கிற இரத்தச் சோதனைத் துண்டில் ரீ.எஸ்.எச், எஃப்.ரீ4 இரண்டும் டொக்டர் எழுதித்தான் தந்தார். அந்த ஊசி போடுகிறவர்களுக்கு நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருக்கால் அதைப் பார்ப்பது வழக்கம். கிளிநொச்சியில் லாப்புக்குப் போய்க் காசைக் கேட்டபோது, "ஈரல், சிறுநீரகம், இரத்த எண்ணிக்கை மட்டும் போதும், மற்றதை விடுங்கள்" என்று சொன்னவன் நான். மகன் கனடாவில் இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு. ஊசியில் மிச்சம் பிடிக்க முடியாது, இரத்தத்தில் பிடித்தேன். டொக்டர் கேட்டபோது "லாப்பில் மெசின் பழுது" என்று பொய்யும் சொன்னேன். கார்பிமசோல் கதையையும் அவருக்குத் தை மாதம்தான் சொன்னேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மூன்று மாதம் நான் போர்வைக்குள் கிடந்ததன் விலை அந்தச் சோதனைக் காசு. மனிசிக்கு இது இன்றுவரை தெரியாது. அவ இந்தப் பக்கம் வாசிப்பதில்லை.

04.03.2024

வாசிக்கிறாவாம்.

17.03.2024

குளிசை எப்படி எடுப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இப்போது 100 மைக்ரோகிராம். முழுதாகக் குறைந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது ஒரு கணக்கு. நான் 62 கிலோ, கணக்குச் சரி. ஆனால் 50 இல்தான் தொடங்கினார்கள். வயது போனவர்களுக்கும் இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். தைரொக்சினின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒரு கிழமை மட்டில் எடுக்கும். அதனால் அளவை மாற்றி ஆறு, எட்டுக் கிழமை போனால்தான் இரத்தத்தில் உண்மை தெரியும். ஒரு நாள் மறந்தால் உலகம் அழியாது.

வெறும் வயிறு, வெறும் தண்ணீர், பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. இது புத்தகத்து விதி. வன்னி விதி வேறு. காலை நாலரைக்கு எழும்பினால் வாய் கொப்பளிக்க முதல் தேத்தண்ணி. நான் குளிசையை அந்தத் தேத்தண்ணியோடேயே விழுங்கிக்கொண்டிருந்தேன், பால் போட்டு, சீனி போட்டு. ரீ.எஸ்.எச் 68 இல் இருந்து 9 க்கு இறங்கி அதற்குக் கீழே வரமாட்டேன் என்று நின்றது. அளவைக் கூட்டப் போனார்கள். அப்போது ஒரு இளம் டொக்டர் பிள்ளை "ஐயா, எதோடு குடிக்கிறீங்கள்?" என்று கேட்டா. அந்த ஒரு கேள்வியில் 9 என்பது 3 ஆகியது. கல்சியம், இரும்புக் குளிசை எடுக்கிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சோயாமீற் கூட இதை உறிஞ்ச விடாது. காலைச் சாப்பாட்டுக்கு யார் சோயாமீற் கறி தின்னுகிறார்கள் என்று சிரிக்கவேண்டாம், முதல் நாள் கறியைப் பாணுக்கு வைத்துத் தின்கிறவன் நான்.

மரவள்ளி, கோவா பற்றிப் பயப்படுத்துகிறார்கள். அவை அயடீன் குறைந்த ஆட்களின் சுரப்பிக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடியவை. சுரப்பியே நின்று, குளிசையில் ஓடுகிறவனுக்கு எந்தச் சுரப்பிக்குத் தொந்தரவு? இடம்பெயர்ந்த காலத்தில் மரவள்ளியில் உயிர் வாழ்ந்தவன், அதை விடமாட்டேன்.

குளிசை அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். அந்த ஊசியையும் இந்தக் குளிசையையும் ஒரே உடம்பில் வாங்கிய எனக்கு இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கத் தோன்றும். எழுதினால் சிரிப்பு வராது.

02.04.2024

"தைரொயிட் பழுதானால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், சந்தோசப்படுங்கள்" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. இதைக் கேட்ட புதிதில் நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். தைரொயிட் பக்கவிளைவு வந்தவர்கள் சராசரியில் கூட நாள் இருந்ததாகச் சில ஆய்வுகளில் காண்கிறார்கள், அது பொய் இல்லை. ஆனால் கூட நாள் இருந்தவர்கள் கூட ஊசி போட்டிருப்பார்கள், கூட ஊசி போட்டவர்களுக்குப் பக்கவிளைவும் கூட வரும். எது முன், எது பின் என்று பிரிப்பது லேசு இல்லை. என்னோடு கொழும்பில் பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்ட மன்னார்க்காரருக்கும் தைரொயிட் போனது. அவர் போன வருடம் ஆனியில் போய்விட்டார். என் கட்டி சுருங்கி, அப்படியே நிற்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே அதிர்ஷ்டலாபச் சீட்டு, எண் மட்டும் வேறு.

28.04.2024

கிளிநொச்சியில் தார் உருகுகிறது. எனக்கு வேர்க்கிறது. எல்லாரும் வெயிலைத் திட்டுகிறார்கள், நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

16.05.2024

ரீ.எஸ்.எச் 14. தேத்தண்ணி இல்லை, சோயா இல்லை, ஒரு நாளும் தவறவிடவில்லை. இரண்டு நாள் துப்பறிந்தேன். தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் விளிம்பில், வெயில் நேரே விழுகிற இடத்தில் குளிசைப் போத்தல். காலையில் எழும்பிய கையோடு எடுக்க வசதி என்று சித்திரை முதல் அங்கே வைத்தவனும் நானே. தைரொக்சின் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் பழுதாகும், 25 பாகைக்குக் கீழே வை என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. வன்னியில் சித்திரையில் 25 பாகை எங்கே கிடைக்கும்? இப்போது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் மூடிய ரின்னுக்குள், வீட்டின் ஆக இருட்டான மூலையில். சாமிப்படத்துக்குக் கீழே. மனிசி விளக்குக் கொளுத்தும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறா.

சூடுதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. புதுப் போத்தல் தொடங்கியிருக்கிறேன், ஏழு கிழமை கழித்துப் பார்ப்போம்.

09.06.2024

"பக்கவிளைவு வந்தால் ஊசியை நிறுத்த வேண்டாமா?" என்று கேள்வி. தைரொயிட் மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. குடலோ நுரையீரலோ அழன்றால் நிறுத்தி ஸ்டீரொயிட் கூட்டிக் கொடுப்பார்கள். தைரொயிட்டுக்கு அதுவும் வேண்டியதில்லை, போனதை ஸ்டீரொயிட் திருப்பித் தராது. என்னுடைய ஊசியை நிறுத்தியது தைரொயிட் இல்லை என்று முதலே சொன்னேன். ஒன்பதாவதுக்குப் பிறகு மகன் தொலைபேசியில் "அப்பா, வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுக்கிறேன்" என்றான். "ஸ்கானில் எல்லாம் சரியாம், டொக்டர் போதும் என்றுவிட்டார்" என்று சொல்லி வைத்தேன். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. தொடரலாம் என்றார், இரண்டு வருடம், 35 ஊசி வரை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தெல்லிப்பழைக்குப் போகிறேன். 2011 இல் தெற்கில் தெவிநுவரவில் தொடங்கிப் பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில் எழும்பிய புற்றுநோய் ஆஸ்பத்திரி. வாசலில் நிற்கும்போதெல்லாம் அந்த நடையை நினைப்பேன்.

காசு என்று வந்ததால் ஒன்று. மும்பையில் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி வாய், தொண்டைப் புற்றுக்காரர்களுக்கு நிவொலுமாபை வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கும் வராத அளவில், மூன்று கிழமைக்கு 20 மில்லிகிராம், மலிவான குளிசைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் குளிசை மட்டும் எடுத்தவர்களில் 16.3 வீதம், ஊசியும் சேர்த்தவர்களில் 43.4 வீதம். வெற்றிலையும் புகையிலையும் சப்புகிற எங்கள் ஊருக்கு இது சின்னச் செய்தி இல்லை. நுரையீரலுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் நான் கேட்பேன். கேட்டால் என்ன, ஏசுவார்களா?

05.07.2024

ரீ.எஸ்.எச் 3.4. சாமிப்படத்துக்கா பானைக்கா பெருமை என்று வீட்டில் வழக்கு நடக்கிறது.

21.07.2024

முல்லைத்தீவு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததாம், சத்தியோடு. வயிறு சரியில்லை, குளிசை எல்லாம் இன்று வேண்டாம் என்று மாமா சொன்னாராம். நல்ல காலம், பிள்ளை கேட்கவில்லை. தைரொக்சின் ஒரு நாள் தவறினால் பரவாயில்லை என்று பங்குனியில் எழுதினேன். அது தைரொக்சினுக்கு மட்டும். ஹைட்ரோகோர்ட்டிசோனுக்கு நேர் எதிர் விதி: ஒரு நாளும் விடக்கூடாது. காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை என்றால் கூட்ட வேண்டும், வழக்கமாக இரண்டு மடங்கு. வாயால் நிற்காமல் சத்தி எடுத்தால் ஊசியாகப் போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் குறிப்பை அரைகுறையாக வாசித்து யாரும் மாற்றிப் புரிந்திருந்தால், பிழை என்னுடையது. இரண்டு குளிசையையும் ஒரே குறிப்பில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இனி ரீ.எஸ்.எச் பார்த்துப் பயன் இல்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கந்தோர் எரிந்த ஊரில் கடிதத்தை எண்ணக்கூடாது. எஃப்.ரீ4 மட்டும் பார்த்து அளவு போடுகிறார்களாம். யாராவது புது டொக்டர் ரீ.எஸ்.எச் குறைவு என்று குளிசையைக் குறைக்கப் போனால், கோப்பைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

சென்னையில் நிவொலுமாப் மட்டும் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பலாலியில் இருந்து விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் கொழும்புக்கு ரயிலில் ஏழு மணி நேரம் இருந்தவன், கொஞ்சம் பொறாமை.

30.10.2024

நெடுநாள் இந்தப் பக்கம் வரவில்லை. காலபோக விதைப்பு. ஓய்வு பெற்றவன் என்றாலும் வாய்க்கால் துப்புரவு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள், நானும் போய் நின்று கத்துவேன். மழை தொடங்கிவிட்டது. மண் மணக்கிறது.

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஊசியை நிறுத்தி இருபது மாதம் ஆகிவிட்டதே, இனி தைரொயிட் திரும்பி வராதா, குளிசையை நிறுத்திப் பார்க்கலாமா? அண்ணை, கட்டு உடைந்தபோது எனக்குக் கட்டும் போனது, துருசும் போனது, குளத்து மண்ணும் கழுவுப்பட்டுப் போனது. பெரும்பாலானவர்களுக்கு இது ஆயுளுக்கும்தான். நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டு ஆவணியில் ஆறு நாள் விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பாதி இறங்கவே ஒரு கிழமை என்று நானே எழுதியதை மறந்து, சுகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஏழாம் நாள் மனிசி போத்தலில் குளிசை எண்ணினா.

மும்பைக் கணக்கைத் தெல்லிப்பழையில் கேட்டேன். ஏசவில்லை. எழுதி வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஸ்கான் கார்த்திகை 19. இந்த முறை இரத்தத் துண்டில் ஒரு சோதனையும் வெட்டவில்லை, மனிசி பக்கத்தில் நின்று பார்த்தா.

முல்லைத்தீவுப் பிள்ளை ஒரு படம் அனுப்பியிருக்கிறா. அம்மா முற்றத்தில் இருந்து கச்சான் உடைக்கிறா. பக்கத்தில் மாமா, வாய் திறந்தபடி, ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.